தங்கைக்கு நான் விற்ற போன்

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

நீயும் பாப்பாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, கதவைத் தாழிட்டுவிட்டு நிம்மதியாகக் கண்மூடுகிற இடத்தில் இருக்க வேண்டும். இப்போது எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. நானும் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

போனில் பேசாமல் காகிதத்தில் ஏன் எழுதுகிறேன் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் கடையின் ஸ்டாக் ரூமில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன். கடையில் கேமரா இல்லாத இடம் இது ஒன்றுதான். மற்ற இடங்களில் இருக்கும் ஆறையும் மாட்டியது யார் என்று உனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரர் ஏணியில் நின்று திருகாணி முடுக்கியபோது கீழே நின்று டீ நீட்டியவள் நான். "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்" என்று சூப்பர்வைசர் சொன்னதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனி எனக்கு அவர் இல்லை, அவன்தான். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

வக்கீலம்மா சாயங்காலம் வருகிறார். இந்தக் கடிதத்தையும் ஒரு சின்னப் பெட்டியையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பெட்டியைத் திறக்கும் முன் இதை முழுதாகப் படித்துவிடு.

எட்டு மாதத்துக்கு முன்னால் நீ சலவைக் கடையிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்தாயே, அந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். இஸ்திரிச் சூட்டில் உன் விரல்கள் சிவந்திருந்தன. பழைய போன் தரையில் விழுந்து நொறுங்கிவிட்டது என்றாய். எப்படி விழுந்தது என்று நான் கேட்கவில்லை. வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் கேட்கும் கேள்வி அது. உன்னிடம் மட்டும் கேட்கவில்லை.

கண்ணாடி மேசைமேல் இரண்டு போன்களை எடுத்து வைத்தேன். இரண்டும் ஒரே விலைதான். ஒன்று பெரிய திரை, நிறைய இடம், தொட்டால் பறக்கும். வந்து மூன்று வருஷமான மாடல், ஒருகாலத்தில் விலை கூடியது. மற்றது சின்னது, புதிதாக வந்தது, ஆனால் சோம்பேறி. எழுத்துத் தட்டினால் யோசித்துவிட்டுத்தான் போடும். பின்னாலிருந்து ரிப்பேர் பார்க்கிற லென்ஸ் அண்ணன் தலையை நீட்டினார். "பெரிய போனுக்கு கம்பெனி செக்யூரிட்டி அப்டேட்டை நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சும்மா. சின்னதுக்கு இன்னும் நாலு வருஷம் வரும். வீட்டு ஆளுக்குக் குடுக்கிறதுன்னா யோசிச்சுக் குடு" என்றார். நான் சிரித்தேன். "இவ போன்ல அப்படி என்ன ராணுவ ரகசியமா இருக்கு?" என்றேன். நீயும் சிரித்தாய்.

நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "எதுல கேமரா சட்டுன்னு திறக்கும்க்கா?" இரண்டிலும் அழுத்திப் பார்த்தோம். சின்னது நாலு எண்ணும்வரை கறுப்பாகவே நின்றது. பெரியது விரல் எடுப்பதற்குள் திறந்தது. "பாப்பா ஒரு இடத்துல நிக்க மாட்டா, அதான்" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல். நானும் நம்பிவிட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்தப் பெரிய மாடல் தேங்கிக் கிடந்தது. அந்த மாதத்துக்குள் தள்ளிவிடச் சொல்லி சூப்பர்வைசர் காலையும் மாலையும் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டிருந்தார். சின்ன போனை உனக்குக் கொடுத்திருந்தால் யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் பெரியதையே உன் கையில் வைத்தேன். லென்ஸ் அண்ணன் திரும்பித் தன் வேலையைப் பார்த்தார்.

நீ பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நெட்டையின் வீட்டுக்குப் போனபோது என்னிடம்கூடச் சொல்லவில்லை. உன்னோடு இஸ்திரி போடுகிற அந்த உயரமான பெண்ணுக்கு உன்மேல் அவ்வளவு பாசம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. மூன்றாவது நாள் மத்தியானம் அவன் மூன்று மாடி ஏறிப்போய் அவள் கதவைத் தட்டியிருக்கிறான். கையில் பாப்பாவின் செருப்பு. "செருப்பை மறந்துட்டு வந்துட்டாளே, கால் சுடுமில்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னானாம். நீ பாப்பாவுக்குச் செருப்பை மாட்டிவிட்டு அவனோடு கிளம்பிப் போனாய் என்று நெட்டை பின்னால் சொன்னாள்.

அவனுக்கு எப்படித் தெரிந்தது? நெட்டைதான் வாயை விட்டிருப்பாள் என்று நான் முடிவுகட்டினேன். அவள் வீட்டு மாடிப்படியில் நின்று, அக்கம்பக்கம் எல்லாம் கேட்கும்படி கத்தினேன். "நான் யார்கிட்டயும் சொல்லலீங்க" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கேட்கவில்லை. பிறகு உன்னிடம் வந்து, "போன் லாக் நம்பரை அவர்கிட்ட சொல்லித் தொலைச்சியா?" என்று கேட்டேன். "பாப்பா மேல சத்தியமாச் சொல்லலக்கா" என்றாய். அதையும் நான் நம்பவில்லை. உனக்கு அவன்மேல் இன்னும் ஆசை இருக்கிறது, அதனால்தான் பொய் சொல்கிறாய் என்று உன் முகத்துக்கு நேரேயே சொன்னேன். அதற்குப் பிறகு ஒன்பதாவது நாள் உன் இடது கை முறிந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எல்லோரிடமும் சொன்னாய். என்னிடமும் சொன்னாய். உண்மையைச் சொன்னால் நான் நம்புவேன் என்ற நம்பிக்கையை நான்தான் உனக்கு இல்லாமல் பண்ணியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் உன்னைத் தனியாக வைத்துப் பேசியதும், மறுநாளே வக்கீலம்மா வந்ததும், நீயும் பாப்பாவும் பின்வாசல் வழியாகப் போனதும் உனக்குத் தெரிந்த கதை. போகும்போது உன் போனை என் கையில் திணித்தாய். "இது சும்மா இருந்தாலே சூடாகுதுக்கா. சார்ஜும் நிக்க மாட்டேங்குது. நீயே வச்சுக்க" என்று லாக் நம்பரையும் சொன்னாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

போனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை மேடையில் வைத்தேன். பொழுது சாய்வதற்குள் அவன் வந்துவிட்டான். அப்பாதான் கதவைத் திறந்தார். "அவ இங்கதான் இருக்கா. வெளிய வரச் சொல்லுங்க மாமா" என்றான். இல்லை என்றார் அப்பா. அவன் தன் போனை ஒரு தடவை பார்த்தான். "இருக்கா. எனக்குத் தெரியும்" என்றான். எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். அப்பாவைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து அலமாரி, கட்டிலடி, குளியலறை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். சமையலறைக்கு வந்து, மேடைமேல் கிடந்த உன் போனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். அந்த முகத்தைப் பார்த்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. லாக் நம்பர் விஷயத்தில் நீ என்னிடம் பொய் சொல்லவில்லை என்பதும்.

போனைப் பறிக்கக் கை நீட்டினான். நான் அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு தெருவுக்கு ஓடிக் கத்தினேன். ஆட்கள் கூடியதும் போய்விட்டான். அப்பாவுக்கு நெற்றியில் நிலைப்படி இடித்து நாலு தையல். இப்போது ஆறிவிட்டது, அதற்காக அழாதே.

மறுநாள் லென்ஸ் அண்ணன் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு உன் போனைப் பார்த்தார். கணிப்பொறியில் இணைத்து அரைநாள் எடுத்துக்கொண்டார். போனின் சொந்த உறுப்புபோலப் பெயர் வைத்துக்கொண்டு வேவு பார்க்கிற ஆப் ஒன்று உள்ளே ஒளிந்திருந்ததாம். நீ இருக்கும் இடம், பேசும் பேச்சு, அனுப்பும் செய்தி, எல்லாம் அவனுக்குப் போயிருக்கிறது. "லாக் நம்பர் தெரியாம எப்படிண்ணே?" என்று கேட்டேன். அந்த மாடலில் பூட்டைத் தாண்டி உள்ளே போக ஓர் ஓட்டை இருந்தது, புது போன்களுக்கெல்லாம் அப்டேட் அனுப்பி அடைத்துவிட்டார்கள், இதற்கு அனுப்பவில்லை என்றார். "அப்டேட் இருந்திருந்தா?" என்றேன். அவர் லென்ஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டார். "கெட்டவன் கையில போன் கிடைச்சா எதையும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா இவ்வளவு சுலபமா நடந்திருக்காது" என்றார். நான் முன்பு சிரித்ததை அவர் நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தியிருந்தால்கூடத் தேவலை.

அழித்துவிடச் சொன்னேன். "தொடாதே, இது சாட்சி" என்று தடுத்துவிட்டார். பிறகு, "இதையும் நீ பார்க்கணும்" என்று படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்து காட்டினார். பாப்பாவின் படங்களுக்கு இடையே பதினொரு படங்கள். கழுத்து. தோள். தலைமுடி பிய்ந்த இடம். ஒன்றில் அவனே இருக்கிறான், கை ஓங்கியபடி, கொஞ்சம் கலங்கலாக. அந்த ஒரு விநாடிக்குள் நீ எப்படி எடுத்தாயோ. சின்ன போனாக இருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்காது. பெரிய போனாக இல்லாவிட்டால் நெட்டையின் வீட்டில் நீ இன்னும் பத்து நாள் பத்திரமாக இருந்திருப்பாய். இரண்டையும் மனசில் போட்டு மாற்றி மாற்றி நிறுத்துப் பார்க்கிறேன், தட்டு நிற்கவே மாட்டேன் என்கிறது. வக்கீலம்மாவோ, வழக்கே அந்தப் படத்தில்தான் நிற்கிறது என்கிறார்.

போலீசில் புகார் கொடுத்துவிட்டோம். பிடித்தார்கள், ஜாமீனில் வந்துவிட்டான். உன் பக்கம் வரக்கூடாது என்று கோர்ட் சொல்லியிருக்கிறது. அடுத்த மாதம் நான் கூண்டேறி, அப்டேட் நின்றுபோனது தெரிந்தே அந்தப் போனை விற்றேன் என்று சொல்லப்போகிறேன். கடை பெயரை இழுத்தால் வேலை இருக்காது என்று சூப்பர்வைசர் சாடை காட்டிவிட்டார். இல்லாவிட்டால் போகிறது.

நெட்டையைப் பார்க்கப் போனேன். நான் அன்று போட்ட சத்தத்துக்கு வீட்டுச் சொந்தக்காரர் அவளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து நடந்ததையெல்லாம் சொன்னேன். கையை மெல்ல உருவிக்கொண்டாள். "உங்க தங்கச்சி நல்லா இருக்காளா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். இருக்கிறாள் என்றேன். மறுபடி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

இனி பெட்டியைப் பற்றி. அதில் உனக்கு ஒரு போன் இருக்கிறது. இரண்டு நாள் யோசித்துத்தான் எடுத்தேன். வேகம் பார்க்கவில்லை, திரை பார்க்கவில்லை. எத்தனை வருஷத்துக்கு அப்டேட் தருவதாகக் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்தேன். மெதுவாகத்தான் இருக்கும், சில நேரம் எரிச்சல் வரும், பொறுத்துக்கொள். அப்டேட் வந்திருக்கிறது என்று காட்டினால் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிடாதே, அன்றைக்கே போட்டுவிடு. பழைய சிம்மை இதில் போடாதே. பழைய மெயில் கணக்கையும் திறக்காதே, அதன் வழியாகவும் அவன் உள்ளே வரலாம் என்கிறார் லென்ஸ் அண்ணன். பாப்பாவின் படங்களெல்லாம் அந்தக் கணக்கில் இருக்கின்றன, தெரியும். அவள் முதன்முதலாக நடந்ததும் அதில்தான் இருக்கிறது. மனசைக் கல்லாக்கிக்கொள்.

என் நம்பரை இதில் ஏற்றவில்லை.

ஏன் என்று கேட்பாய். உன் பக்கம் வரக்கூடாது என்று சொன்ன கோர்ட், என் பக்கம் வரக்கூடாது என்று சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை கடைக்கு வருகிறான். போன் பார்ப்பதுபோல மேசைமுன் நின்று, "பாப்பாவுக்கு முன்பல் விழுந்துடுச்சா அண்ணி?" என்று மெதுவாகக் கேட்கிறான். நேற்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் இரண்டு தம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. யார் வந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். யாரும் வரவில்லை என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வக்கீலம்மா உன் ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். எனக்குத் தெரியாததை அவன் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. சின்ன வயசிலிருந்து என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படியே நினைத்துக்கொண்டு இரு. ஆனால் ஒன்று கேட்கிறேன். நானே கேட்டாலும் நீ இருக்கும் இடத்தைச் சொல்லாதே. அழுது கேட்டாலும் சொல்லாதே. அப்பாவுக்கு முடியவில்லை, கடைசியாக ஒருதரம் முகம் பார்க்க வா என்று என் கையெழுத்திலேயே கடிதம் வந்தாலும் வராதே. உன் வாசலில் என் குரல் கேட்டாலும் கதவைத் திறக்காதே, சின்னவளே.

பாப்பா தூங்கும்போது அவள் தலையில் ஒருதரம் கை வைத்து, பெரியம்மா சொன்னதாகச் சொல். என்ன சொன்னதாக என்று நீயே போட்டுக்கொள்.

உன் அக்கா