பழைய பிரதிகளில் இல்லாத வரிகள்

இன்று குருத்தோலை ஞாயிறு. காலையில் மாடிப்படியில் ஒரு ஓலைச் சிலுவை விழுந்து கிடந்தது. கீழ் வீட்டுக்காரர்கள் தாம்பரத்தில் ஆராதனை முடிந்து வரும்போது தவறவிட்டிருப்பார்கள். எடுத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். பச்சை ஓலை வாசனை விரலில் ஒட்டிக்கொண்டது. காப்பி கலக்கும்போதும் அது போகவில்லை. காப்பியை அப்படியே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளில் ஒரே பள்ளிக்கூடத்தில் நான் சரித்திர டீச்சர், நீ கணக்கு டீச்சர். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் நான் சண்டையைத் திறந்துவிடுவேன். "சுவிசேஷத்தை எப்பத்தான் எழுதினாங்க? எல்லாம் நடந்து முடிஞ்சு பல வருஷம் கழிச்சு. எழுதினவங்க நேர்ல பார்த்தவங்களா? அதுவும் நிச்சயம் இல்ல. ஒரு கல்வெட்டாவது காட்டு, ஒத்துக்கறேன்."

நீ அவசரமே படமாட்டாய். ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டு சொல்வாய். "உன் கல்வெட்டெல்லாம் ராஜா செலவுல வெட்டினது. தான் தோத்து ஓடினதை எந்த ராஜாவாவது கல்லுல வெட்டி வச்சானா? எங்க ஆளுங்க தலைமைச் சீஷனே பயந்துபோய் ஆண்டவரைத் தெரியாதுன்னு கைவிரிச்சதை எழுதி வச்சிருக்காங்க. கட்டுக்கதைன்னா முதல்ல அதைத்தானேடி மறைச்சிருப்பாங்க?"

கணக்கு டீச்சரிடம் சரித்திரத்தில் தோற்பது எனக்குப் பொறுக்காது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஏறி ஊரப்பாக்கத்தில் இறங்கும்வரை பேசிக்கொண்டே வருவேன். ஒரு சாமியையும் கும்பிடாத எனக்கு உன் வேதத்தில் பாதி மனப்பாடம் ஆனது உன்னை மடக்குவதற்காகப் படித்துத்தான்.

என்னிடம் இல்லாத ஒரு நேர்மை உன்னிடம் இருந்தது. ஒரு நாள் நீயாகவே ஆங்கில வேதாகமத்தைக் கொண்டுவந்து மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பக்கத்தை விரித்தாய். அடிக்குறிப்பில் விரலை வைத்தாய். மிகப் பழைய பிரதிகளில் கடைசி வசனங்கள் இல்லையாம். கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடினார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு கதை நின்றுவிடுகிறதாம். உயிர்த்தெழுந்தவரைப் பார்த்த வரிகளெல்லாம் பின்னால் சேர்த்தவை என்கிறார்கள். "இந்தா, நீ தேடினா லேசுல கிடைக்காது. நானே குடுத்துட்டேன்" என்று சிரித்தாய்.

அதோடு விட்டிருக்கலாம். லெந்து உபவாச நாட்களில் உன் சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் பாடம் நடத்துவது உன் முறை. அங்கேயும் அதைச் சொன்னாய். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் நின்று நீ எனக்கு நடித்துக் காட்டியது இன்னும் காதில் கேட்கிறது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எழுந்து கேட்டாளாம்: "இன்னா டீச்சர் சொல்றே? அப்ப ஆண்டவர் எயுந்து வந்ததை யாரும் பாக்கலியா? எம் புருசன் போய் ஆறு மாசம் ஆவுது. நான் அத்த நம்பிக்கினுதான் கீறேன்."

மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் அவர் உயிர்த்தெழுந்து வருகிறார் என்று நீ சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை என்றாய். நடித்துக் காட்டத் தொடங்கிய நீ நடுவிலேயே அழுதுவிட்டாய். ஈஸ்டருக்கு முன்பே அந்தப் பாடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இனிமே அங்க போகாதே" என்றேன். "அது என் வூடுடி, எங்க போறது?" என்றாய். வேண்டுமென்றேதான் மெட்ராஸ் பாஷையில் சொன்னாய், நான் சிரிப்பேன் என்று. அதன் பிறகு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய். ஒரு ஞாயிறும் தவறவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்கு உன் சபையார் வந்து ஜெபித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் முன்னால் நீ திடமாகத்தான் இருந்தாய். கடைசிச் சாயங்காலம் உன் வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கீழே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குடி" என்றாய். பிறகு மாற்குவை வாசிக்கச் சொன்னாய். "எங்க நிறுத்தணும்னு உனக்குத் தெரியும்" என்றாய்.

வாசித்தேன். பெண்கள் கல்லறைக்கு வந்தார்கள். நடுங்கினார்கள். ஓடினார்கள். பயந்தார்கள் என்ற இடம் வந்தது. அங்கேதான் நிறுத்த வேண்டும். உன் முகத்தைப் பார்த்தேன். என்னால் முடியவில்லை, கண்ணம்மா. எத்தனையோ மத்தியானங்கள் செல்லாது என்று நான் தள்ளிய வரிகளை ஒன்று விடாமல் கடைசிவரை வாசித்தேன்.

நடுவில் நீ கண்ணைத் திறக்காமலே, "அது பின்னால சேர்த்ததுடி" என்றாய்.

"தெரியும். பேசாம கேளு."

வாசித்து முடித்ததும் சொன்னாய்: "உன்னை மாதிரி ஒருத்திதான் சேர்த்திருப்பா." அப்புறம், "இன்னும் பயமாத்தான் இருக்கு" என்றாய். என் கையை விடவேயில்லை. உன் வீட்டுக்காரர் மருந்தோடு திரும்பியபோது உனக்கு நினைவு தப்பியிருந்தது. மறுநாள் விடிந்தபோது நீ இல்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு உன் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். நீ கடைசியாகப் பேசியபோது நான் மட்டும்தான் உன் பக்கத்தில் இருந்தேன் என்று அவருக்குத் தெரியும். "டீச்சர், கடைசியா அவ பயந்தாளா?" என்று கேட்டார். ஆதாரம் ஆதாரம் என்று உன் உயிரை எடுத்தவள் நான். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"இல்லீங்க. சமாதானமா இருந்தா. சிரிச்சா" என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அதைப் பலரிடம் சொல்லிவிட்டார். உன் பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். நேரில் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். நான் திருத்தப்போவதில்லை.