வீக்கம் வடிவதற்கு முன்

என் ஆசை அம்மா,

உன் வளையல் சத்தம் நின்றுபோனதைத்தான் நான் முதலில் கவனித்தேன். பாத்திரம் துலக்கும்போது கலகலக்கும் கண்ணாடி வளையல்கள் அன்று மணிக்கட்டில் இறுகிக் கிடந்தன. கை வீங்கியிருந்தது. மறுநாள் உதடு, பிறகு கண். மூன்று நாளில் எல்லாம் தானாக வடிந்தது. அதற்கு அப்புறம்தான் நீ டாக்டரிடம் போகக் கிளம்பினாய்.

அது ஏனம்மா? "இந்த மூஞ்சியோடயா பஸ் ஏறுவாக? வடியட்டும்" என்பாய். வடிந்ததும் தலைக்குக் குளித்து, பவுடர் போட்டு, பூ வைத்து, பழங்காநத்தத்திலிருந்து ஆரப்பாளையத்துக்கு விசேஷ வீட்டுக்குப் போகிறவள் மாதிரி கிளம்புவாய். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்பார். "தேவலைங்க சார்" என்பாய். பெரிய மனிதர் கேட்டால் அப்படிச் சொல்வதுதான் மரியாதை என்று நம் வீட்டில் ஒரு நினைப்பு. மிச்சத்தை அப்பா சொல்வார். "அலர்ஜிதான் சார். கத்தரிக்காய் தின்னுருப்பா."

கத்தரிக்காயை விட்டாய். கருவாட்டையும் விட்டாய், உனக்கு அது எவ்வளவு பிடிக்கும். வீக்கம் அதுபாட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

எனக்கும் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் உதடு வீங்கிப் போய் உட்கார்ந்தபோது, "என்னடி, தேனீ முத்தம் குடுத்துச்சா?" என்று பின் பெஞ்சில் சிரித்தார்கள். "வடிஞ்சதும் போ" என்று நீதான் வீட்டில் இருத்தினாய். வடிந்தது, அடுத்தது வந்தது. பள்ளிக்கூடம் அப்படியே போய்விட்டது.

கடைசியாக உனக்குத் தொண்டையில் வீங்கியது. மத்தியானம் குரல் கம்மியபோதும், "வடிஞ்சிரும், நாளைக்குப் போவோம்" என்றுதான் சொன்னாய். ஆட்டோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நீ இல்லை. அங்கே இருந்த டாக்டரம்மா, "முன்னாடியும் வீங்கியிருக்குன்னு சொல்றீங்க, ஏன் யார்கிட்டயும் காட்டல?" என்று கேட்டார். "காட்டினோம்மா" என்று அப்பா அழுதார்.

எதைக் காட்டினோம்? உன் பவுடர் முகத்தை.

உன் மேல் எனக்குக் கோபம்தான். அந்த ஆரப்பாளையத்து டாக்டர் மேல் இன்னும் அதிகம். அத்தனை தடவை எதிரில் வந்து உட்கார்ந்தவளிடம், வீங்கியிருக்கும்போதே வாம்மா என்று ஒரு தடவை சொல்ல அவருக்குத் தோன்றவில்லையே?

முந்தாநாள் என் வளையல் இறுகியது. நேற்றுக் காலையில் உதடும் ஒரு கன்னமும் வீங்கிவிட்டன. அப்பா வழக்கம்போல, "வடியட்டும் தாயி, பிறகு கூட்டிட்டுப் போறேன்" என்றார். "இப்பவே போகணும்ப்பா" என்றேன். துப்பட்டாவால் முகத்தை மூடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்கா, "யாரு பாப்பா இம்புட்டு அடிச்சது?" என்றார். "அடிக்கலக்கா, வியாதி" என்றேன். அதைச் சொல்லவே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, கடையில் மிச்சக் காசு கேட்கக்கூட நான் உன் பின்னால் நிற்பவள்.

அதே டாக்டர், அதே கேள்வி. அப்பா வாயைத் திறக்கும் முன் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"தேவலை இல்ல சார். இது அரிக்காது. வீங்குறப்ப நீங்க குடுத்த மாத்திரையைப் போட்டும் கேட்கல. மூணு நாள் இருந்துட்டுத் தானா வடியும். எங்கம்மாவுக்கும் இதேதான். தொண்டையில வந்து செத்துப்போனாங்க. எனக்கும் தொண்டையில வந்திரும்னு பயமா இருக்கு."

எம்புட்டு நேரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன் தெரியுமா?

"சில பேருக்கு அலர்ஜி இப்படியும் வரும்மா. மாத்திரை எழுதுறேன். வடிஞ்சதும் வந்து காட்டு" என்றார். அடுத்த ஆளுக்கு மணி அடித்தார். அப்பா கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

நீயும் எழுந்திருப்பாய். ஆனால் அம்மா, உனக்கு இந்த ஒரு வாக்கு: வடிந்த முகத்தை இனி எந்த டாக்டரிடமும் கொண்டுபோய்க் காட்ட மாட்டேன்.

"இது என்னன்னு உங்களுக்குத் தெரியலைன்னா, தெரிஞ்ச டாக்டர் யாருக்காச்சும் சீட்டு எழுதிக் குடுங்க சார்" என்றேன். சொல்லிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உன் கையையும் உன் வீக்கத்தையும் வாங்கிக்கொண்டு பிறந்த
உன் மகள்