பெயருக்கு நின்றேன்

மார்ச் 27, ஞாயிறு

கிளைவுக்கு முடி வெட்டினேன். காதில் கத்தரி பட்டுவிட்டதாம், அரைமணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஐம்பத்து நாலு வயதுத் தம்பி. பிறந்ததிலிருந்தே எதுவும் அவனுக்கு மெதுவாகத்தான் புரியும்; ஆனால் புரிந்ததை விடமாட்டான். நாளை மில் லேன் மையத்தில் எல்லோரும் பார்ப்பார்கள், ஒழுங்காக வெட்டு என்று மிரட்டல் வேறு. அந்தப் பகல்நேர மையம்தான் அவனுக்கு உலகம். அங்கே அவனுக்கென்று ஒரு தச்சு மேசை, அதட்டிப் பார்த்துக்கொள்ள ஒரு டிரேசி, வெள்ளிக்கிழமை பொரித்த மீன். ஞாயிற்றுக்கிழமையைத் தண்டனை மாதிரிதான் கழிக்கிறான்.

மாலையில் நைஜல் பர்கிஸ் வந்தார், எங்கள் கட்சியின் வட்டாரச் செயலாளர். எங்கள் கட்சி என்றா எழுதினேன்? கட்சிக்காரர் என் வீட்டுக்காரர் கென்தான். அவர் போய் ஆறு வருடமாகியும் சந்தாவை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். நைஜல் இரண்டு கோப்பை தேநீர் குடித்தார், நான் வேலை பார்க்கும் பேக்கரியிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை கேக்கைப் புகழ்ந்தார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். மே மாத கவுன்சில் தேர்தலுக்கு மில்பாங்க் வார்டில் ஆள் கிடைக்கவில்லையாம்.

"பேர் மட்டும் குடுங்க லோர்னா. ஒரு கதவையும் தட்ட வேண்டாம். எப்படியும் டெஸ்மண்ட்தான் ஜெயிக்கப் போறாரு. ஓட்டுச் சீட்டுல நம்ம கட்சியே இல்லன்னா அசிங்கமா இருக்கும், அதுக்குத்தான்."

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நம் தேநீரைக் குடிக்கிறவர் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல இந்த ஊரில் யாருக்குத்தான் வரும்? கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 9, சனி

டெஸ்மண்ட் ஆக்ராய்ட் கடைக்கு வந்தார். வரிசையில் ஆறு பேர். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "என்ன லோர்னா, எனக்கு எதிரா நிக்கிறீங்களாமே. இனிமே எனக்கு நேத்து சுட்ட ரொட்டிதானா?" என்றார். கடையே சிரித்தது. எனக்குக் காது மடல் வரை சூடு.

பதினாறு வருடமாக எங்கள் வார்டு கவுன்சிலர். எந்தக் கட்சியிலும் சேராதவர். முன்பு தபால்காரராக இருந்தார், அதனால் எந்த வீட்டில் எந்த நாய் கடிக்கும் என்பது வரை தெரியும். போன வருடம் மில் லேன் மையத்தை மூடும் தீர்மானம் வந்தபோது ஒவ்வொரு உறுப்பினர் பின்னாலும் நடையாய் நடந்து, ஒரே வாக்கில் தடுத்தவர் அவர்தான். பெயருக்குத்தான் நிற்கிறேன் என்று மெதுவாகச் சொன்னேன். தெரியும், நல்லதுதான், போட்டியில்லாமல் ஜெயித்தால் தலைக்கனம் வந்துவிடும் என்றார். நல்ல மனிதர். புதிய ரொட்டிதான் கொடுத்தேன்.

ஏப்ரல் 21, வியாழன்

ஒரு கதவையும் தட்டவில்லை. நிம்மதி.

மே 5, வியாழன்

வேலை முடிந்து தேவாலயக் கூடத்தில் ஓட்டுப் போட்டேன். நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சில், தட்டி மறைப்பு, சீட்டில் என் முழுப்பெயர். யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி இருந்தது. டெஸ்மண்டுக்குக் குறியிட்டு மடித்துப் போட்டுவிட்டு வந்தேன். தனக்கு எதிராகத் தானே ஓட்டுப் போட்ட வேட்பாளர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மே 6, வெள்ளி

என்ன செய்துவிட்டேன்.

நைஜல் காலையில் கூப்பிட்டார். சும்மா வந்து நில்லுங்கள், மரியாதைக்கு. கடை ஏப்ரனுக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். விளையாட்டு அரங்கில் மேசை மேசையாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வார்டு மேசையில் இரண்டு அடுக்கு, இரண்டும் ஒரே உயரம். நாடு முழுக்க அரசாங்கத்தின் மேல் கோபம், லோர்னா ஹெப்வொர்த் யார் என்று தெரியாமலேயே எங்கள் கட்சிச் சின்னத்தில் குத்தித் தள்ளியிருக்கிறார்கள். நைஜல் முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

சந்தேகச் சீட்டுகளை வேட்பாளர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஒன்றில் டெஸ்மண்டின் கட்டத்துக்குள் சிரிக்கும் முகம் வரைந்திருந்தது. செல்லும் என்றார் தேர்தல் அதிகாரி. இன்னொன்றில் டெஸ்மண்டுக்குக் குறியிட்டு, அதன் கீழே தன் முழுப்பெயரை எழுதியிருந்தாள் ஒருத்தி. ஓட்டுப் போட்டது யாரென்று தெரிந்துவிட்டால் செல்லாதாம். பெயரை இங்கே எழுதக்கூடாது. வாழ்நாளெல்லாம் அவர் கையிலிருந்து கடிதம் வாங்கினவள், மரியாதையாக இருக்கட்டும் என்று எழுதியிருப்பாள். டெஸ்மண்ட் அந்தச் சீட்டைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

பத்தொன்பது வாக்கில் நான் ஜெயித்தேன். மறுபடி எண்ணச் சொன்னது நான்தான். அதிகாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மறுபடி எண்ணியதில் ஒன்றுதான் குறைந்தது, பதினெட்டு. மேடையேறி அதிகாரிக்கும் எண்ணியவர்களுக்கும் காவலர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டுமாம், அது வழக்கமாம். சொன்னேன். எல்லோருக்கும் முன்னால் கை தட்டியது டெஸ்மண்ட்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

மே 7, சனி

கிளைவ் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்கக்கா கவுன்சிலர்" என்கிறான். பேருந்து ஓட்டுநரிடமும்.

மே 9, திங்கள்

இன்னும் பதவி ஏற்புப் படிவத்தில் கையெழுத்திடவில்லை. போடாமல் விட்டால் இடம் காலியாகும், மறு தேர்தல் வரும், டெஸ்மண்ட் மறுபடி நிற்கலாம். அதைச் சொல்லத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் அவரைக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். உங்கள் இடத்தை எடுத்துக்கொண்டேன், மன்னியுங்கள் என்றேன். இடம் யாருடைய சொத்தும் இல்லை என்றார்.

"இந்த அலையில நான் நின்னா மறுபடி தோப்பேன். உங்க கட்சி வேற ஆளை நிறுத்தும். அதிகாரத்துக்கு வந்துட்டா எந்தக் கட்சியும் செலவக் குறைக்கத்தான் பாக்கும், அவன் மையத்த மூடக் கையத் தூக்குவான். நீங்க தூக்குவீங்களா?"

செத்தாலும் மாட்டேன் என்றேன்.

"அப்ப உள்ளேயே இருங்கம்மா."

இருக்கிறேன். நாளைக்குக் கையெழுத்து.

ஜூன் 15, புதன்

கட்சி உறுப்பினர்களின் கூட்டம். கவுன்சில் இப்போது எங்கள் கையில். என் இடத்தையும் சேர்த்துத்தான். தலைவர் டங்கன் ரூட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மில் லேன் மையத்தை மூட ஜூலையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருக்கும், பணமில்லை, வேறு வழியில்லை என்றார். போன வருடம் எதிர்க்கட்சியாக இருந்தபோது அதே மையத்தின் வாசலில் பதாகை பிடித்து நின்றவர்! நான் எழுந்து, மூடுவதற்கு என் கை எழாது என்றேன். கட்சியிலிருந்து நீக்க வேண்டியிருக்கும் என்றார். நீக்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

வெளியே வந்ததும் நைஜல், கென் இருந்தால் பெருமைப்பட்டிருப்பார் என்றார். கென்னுக்குச் சண்டையே பிடிக்காது. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. இத்தனை வாரத்தில் இன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன்.

ஜூலை 6, புதன்

யார் யார் எந்தப் பக்கம் கை தூக்குவார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டேன். எங்கள் கட்சியிலேயே இன்னும் சிலர் மனம் மாறியிருக்கிறார்கள். என் கை சேர்ந்தால் மையம் பிழைக்கும்.

ஜூலை 8, வெள்ளி

நகர மன்றத்தின் சட்ட அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். சின்ன வயதுப் பெண், மிஸ் ஹாலோவே. மிகவும் மரியாதையாகப் பேசினாள், பிஸ்கட் கூடக் கொடுத்தாள். என் கூடப்பிறந்தவன் அந்த மையத்துக்குப் போகிறவன். அதனால் அதைப் பற்றி நான் பேசவும் கூடாது, ஓட்டுப் போடவும் கூடாது. தீர்மானம் வரும்போது அறையைவிட்டு எழுந்து வெளியே போய்விட வேண்டும். சொந்தக்காரருக்காக யாரும் கை தூக்கக்கூடாது என்றுதானே விதி.

நியாயமான விதிதான். அதுதான் கொடுமை. பக்கத்து வார்டில் எவனாவது மச்சானுக்கு ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்தால் நானே கத்தியிருப்பேன். விதிவிலக்கு கேட்கலாமா என்றேன். கேட்கலாம், கிடைக்காது என்றாள். கேட்டேன்.

இத்தனை நாளும் இது யாருக்கும் தோன்றவில்லையா? எனக்குத் தோன்றவில்லையே! கிளைவால்தானே நான் உள்ளேயே இருந்தேன். அவனால்தானே நான் உள்ளே இருந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

ஜூலை 12, செவ்வாய்

கிடைக்கவில்லை.

ஜூலை 13, புதன்

மன்றக் கூட்டத்தில் தீர்மானம் வந்ததும் மேயரம்மா என் பெயரைச் சொல்லி, உறுப்பினர் வெளியே போகலாம் என்றார். நாற்காலியைப் பின்னால் தள்ளினேன், பெரிய சத்தம் போட்டது. மேலே பார்வையாளர் வரிசையில் டெஸ்மண்ட், பக்கத்தில் டிரேசி, மையத்துக்கு வருகிற மற்றவர்களின் அம்மாக்கள். நான் ஏன் எழுந்து போகிறேன் என்று அந்த அம்மாக்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒருத்தி என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

கதவு கனமானது, உள்ளே பேசுவது கேட்கவில்லை. நடைவழியில் பழைய மேயர்களின் படங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். காவலாளி ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

ஒரே ஒரு வாக்கில் மூடிவிட்டார்கள். டெஸ்மண்ட் உறுப்பினராக இருந்திருந்தால் சமமாகியிருக்கும். சமமானால் மேயரம்மா முடிவு செய்வார், அவர் மூடக்கூடாது என்று கை தூக்கியவர். இதை எனக்கு யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 14, வியாழன்

டெஸ்மண்ட் கடைக்கு வந்தார். கேலி இல்லை, சிரிப்பு இல்லை. வரிசை கரையும் வரை ஒதுங்கி நின்றார்.

"உள்ளேயே இருங்கன்னு சொன்னது நான்தான். அந்த விதி எனக்கு ஞாபகமே வரல லோர்னா. எனக்கு அங்க யாருமில்ல, அதனால ஒரு தடவகூட எழுந்து போக வேண்டி வந்ததில்ல."

நான் அவரைத் தேற்றவேண்டியதாயிற்று. ரொட்டி வாங்க மறந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

கடையில் ஒருத்தி, "உன்னோட தம்பிக்கே செய்யல, எங்களுக்கு எங்க செய்யப் போற" என்றாள். மீதிச் சில்லறையைக் கையில் கொடுத்தேன்.

அக்டோபர் 3, திங்கள்

வெள்ளிக்கிழமையோடு மையம் முடிந்தது. கேக் நான்தான் கொண்டுபோனேன். டிரேசி அழுதாள், கிளைவ் இரண்டு துண்டு சாப்பிட்டான். ஒரு வாரமாக அவனிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். சரி சரி என்று தலையாட்டினான்.

இன்று காலை குளித்து, தலைவாரி, கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். மையத்து வண்டி இனி வராது என்றேன். அப்படியானால் நடக்கலாம் என்றான். என் பேச்சைவிட அவன் கண் அவனுக்கு நன்றாகச் சொல்லும் என்று நினைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

கதவில் சங்கிலி. ஜன்னலில் மூக்கு நசுங்க உள்ளே பார்த்தான். தச்சு மேசைகள் போய்விட்டன, வெறும் தரை. நெடுநேரம் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான், கோபமே இல்லாமல்.

"அக்கா, நீதான கவுன்சிலர். தெறக்கச் சொல்லு."

நான் சொன்னால் கேட்க மாட்டார்கள் கண்ணா என்றேன். அதைக் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப டெஸ்மண்டக் கூப்பிடு. அவரு சொன்னாக் கேப்பாங்க."

தூறல் பிடித்துக்கொண்டது. அவன் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டேன். டெஸ்மண்ட் ஊரில் இல்லை என்று பொய் சொன்னேன்.