வெளிச்சம் இருந்தது

செவ்வாய்க்கிழமை இரவு, ஜெகதளா

இன்று ஃபேக்டரியில் எங்கள் பச்சைத் தேயிலையை எடுக்கவில்லை. விலை விழுந்த பிறகு இந்தப் பக்கம் இலை வாங்குவது அந்த ஒரு ஃபேக்டரிதான். ஊர் கால்பந்து அணியை நடத்துபவரும் அதன் முதலாளிதான். அவருடைய ஆட்டக்காரர்கள் மூன்று பேர் மீது பலாத்கார வழக்கு நடக்கிறது. மைதானத்து அறையிலிருந்து அந்தப் பெண் கிழிந்த துணியோடு ஓடி வந்ததைப் பார்த்தவள் நான். நாளை ஊட்டி கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும்.

எடை போடும் மணியண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "இருட்டுல சரியாத் தெரியலைன்னு சொல்லிப்போடுங்க அம்மிணி. இலையை எடுத்துக்கறோமுங்க."

வரிசையில் நின்றவர்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஊருக்குக் கோப்பை வாங்கித் தந்த பசங்களாம். அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலையாம்.

"இருட்டு இல்லைங்கண்ணா," என்றேன். "பசங்க பந்து விளையாடுற அளவுக்கு வெளிச்சம் இருந்துச்சுங்க."

மூட்டையைத் தூக்கிவிட ஒருவரும் வரவில்லை. நானே தூக்கி வந்தேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். அடுத்த வாரம் இலையை எங்கே போடுவது என்று கேட்டார். பிறகு சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நாளைக்கு நானும் கூட வர்றேன்," என்றார்.

பயம் இல்லாமல் இல்லை. கொழுந்து செடியிலேயே முற்றினாலும் முற்றட்டும். நாளை அந்தப் பெண்ணின் பேச்சு மட்டும் தனியாக நிற்காது.