இல்லாத நாட்டுக்கு லீவு

புலவாயோ, நவம்பர் 1964

லுயாண்டோவின் அம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? அங்கே மழை பிடித்ததா? முதுகைத் தவிர மற்றபடி நான் நலம். முதுகு செங்கல் சூளைக்குச் சொந்தம், அவர்களே கவலைப்படட்டும்.

நம் லுயாண்டோ கல்யாணத்துக்கு லீவு கேட்டேன்.

"எந்த நாட்டுக்குப் போறே?" என்றார் வெள்ளைக்கார மேஸ்திரி.

"சாம்பியா, தொரை" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்படி ஒரு நாடே கிடையாது. பழைய பேரைச் சொல்லு, பார்க்கலாம்."

ரோட்ஸ் என்ற ஒரே வெள்ளைக்காரனின் பெயரைத்தான் ஆற்றுக்கு வடக்கே நமக்கும் தெற்கே இவர்களுக்கும் ரொடீசியா என்று ஒட்டிவைத்தார்கள். போன மாதம்தான் சுதந்திரம் வந்து அதை உரித்துப் போட்டு நீங்கள் எல்லாம் ஆடினீர்கள். எனக்கோ மகள் முகம் கண்ணில் நின்றது.

"வடக்கு ரொடீசியா, தொரை."

"அதுதான் போன மாசமே செத்துப்போச்சே. இல்லாத நாட்டுக்கு எதுக்குடா லீவு?" என்று சிரித்தார்.

என்னோடு மண் மிதிக்கும் மோயோ இந்த ஊர்க்காரன். "அந்தப் பேரை நாங்க கழட்ட முடியாம கெடக்கோம். கழட்டுனதை எடுத்து மாட்டிக்கிட்டீங்களே அண்ணே" என்றான். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

லீவு கிடைக்கவில்லை; கல்யாணத்தில் என் இடத்தில் உன் அண்ணனை உட்காரவை. என் புதுச் சட்டையையும் அவனுக்கே கொடு. யாராவது இந்தப் பக்கம் வந்தால் வறுத்த கடலை கொடுத்தனுப்பு. மணி அடித்துவிட்டார்கள், போகிறேன். சூளையில் வேலை அதிகம் என்று லுயாண்டோவிடம் சொல். அந்தப் பழைய பெயரைச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் வீட்டுக்காரன்