நீதிபதி கேட்ட கேள்வி

அன்புள்ள எஃப்ராயினுக்கு,

உன் வழக்கைக் கேட்க இன்று நீதிமன்றத்துக்குப் போனேன். "உனக்கென்ன பைத்தியமா?" என்று நீ கத்துவது கேட்கிறது. கடிதங்களைக் காவலில் பிரித்துப் படிப்பார்களாம். அதனால் நான் ஏன் அங்கே போகக் கூடாது என்ற பேச்சு வேண்டாம்.

நீதிபதி ஒரு அம்மாள், என் உயரம்தான். ஜலதோஷம் வேறு. அரசாங்க வக்கீல், "இது ஜனாதிபதி உத்தரவுங்க. கோர்ட் தலையிட முடியாது" என்றார்.

அந்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "விசாரிக்காமலே ஒருத்தரை நாடு கடத்தலாம்னு எந்தச் சட்டத்துல இருக்கு? காட்டுங்க" என்றார்.

வக்கீல் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப வெள்ளிக்கிழமை அவரை இங்க கொண்டுவாங்க. நான் விசாரிக்கிறேன்."

"சரிங்கம்மா."

நீதிபதி எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள், உன்னைப் பிடித்துக்கொண்டுபோன சீருடைக்காரர்களும்கூட! ஜனாதிபதியின் உத்தரவை ஒரு கேள்வி நிறுத்திவைக்குமா, எஃப்ராயின்?

வெள்ளிக்கிழமைவரை உன்னை யாரும் விமானத்தில் ஏற்ற முடியாது. நன்றாகத் தூங்கு.

உன்னவள்