பாலத்தின் அடிப்பக்கம்

5 நவம்பர் 2008

விளையாட்டில் கெமரா இன்றைக்கும் சுவருக்குள் போனது. வாளோடு நிற்கும் நம் ஆள் சுவரோரம் ஒதுங்கினால் போதும். அவன் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டிய கெமரா சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது. அந்த நேரம் பார்த்து எதிரி அடிக்கிறான். விளையாடுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது, செத்துப்போவான்.

ஆளின் தலையிலிருந்து கெமரா வரைக்கும் ஒரு கோடு விடு, நடுவில் ஏதாவது குறுக்கிட்டால் கெமராவை முன்னுக்கு இழு. இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். இழுக்கிறது. ஆனால் குழியில் விழுந்த பஸ் மாதிரி இழுக்கிறது. பார்த்தால் வாந்தி வருகிறது.

முத்துவீரனோடு சண்டை வேறு. கண்டியில் ஒரே வகுப்பில் கொம்பியூட்டர் படித்தோம், இப்போது சாலிஹ் நாநாவின் இன்டர்நெட் கடைப் பின்னறையில் இந்த விளையாட்டைச் செய்கிறோம். உருவமும் படமும் அவன் வேலை. கோட் எழுதுவது என் வேலை. என் வேலையில் ஏன் மூக்கை நுழைக்கிறான்?

"மச்சான், திரையில தெரியாதவன் அடிக்கக் கூடாதுடா. பின்னால நிக்கிறவன் கொஞ்சம் காத்திருக்கட்டும்."

"சண்டையில எவன்டா காத்திருப்பான்? கெமராவத் திருப்பிப் பாக்கச் சொல்லு. பாக்காதவன் சாகட்டும்."

"ஒன்ன மாதிரி பத்துப் பேருதான் வெளையாடுவான். மத்தவன் கீபோர்ட ஒடைப்பான்."

உடைக்கட்டும்.

9 நவம்பர்

இரண்டாம் கட்டம் பாலத்தடியில் நடக்கிற சண்டை. முத்து தாளில் வரைந்து காட்டிய பாலம் கேக் பெட்டி மாதிரி இருக்கிறது. விளையாட்டைப் பார்க்கக் கேட்டிருக்கிற கொழும்புக் கம்பெனிக்கு டிசம்பரில் இப்படிச் செய்து காட்டினால் சிரிப்பார்கள்.

பலாபத்வல போகிற வழியில் இருக்கிற பாலத்தைப் போய்ப் படம் எடுத்து வா என்றேன். தூண், கைப்பிடி, எல்லாப் பக்கமும். முக்கியமாக அடிப்பக்கம். ஆள் கீழே நின்று அண்ணாந்தால் திரை முழுக்க அதுதான் தெரியும். அந்தப் படங்களை அப்படியே விளையாட்டுப் பாலத்தின் மேல் ஒட்டினால்தான் நிஜமாக இருக்கும்.

"யுத்தம் நடக்கிற இந்த நேரத்துலயாடா? பாலத்தையா?"

"பகல்ல போ. ஒளிச்சு எடுத்தாத்தான் சந்தேகம். நேரா மல்லாந்து படுத்து எடு, கோணல் இல்லாம வரும்."

முனகிக்கொண்டே போனான்.

11 நவம்பர்

முத்து இரண்டு நாளாக வரவில்லை. ஃபோன் ஓஃப். கோபமாக இருப்பான்.

12 நவம்பர்

பிடித்துவிட்டார்கள்.

காலையில் அவனுடைய அம்மா கிருஷ்ணம்மா, தேயிலைத் தோட்டத்திலிருந்து கடைக்கே வந்துவிட்டார். கொழுந்து எடுக்கிற உடுப்போடேயே வந்திருந்தார். பாலத்தடி மணலில் மல்லாந்து படுத்திருந்தானாம், கையில் கெமராவாம். ஊர்காவல் படைக்காரர்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டு, அடையாள அட்டையைக் கேட்டிருக்கிறார்கள். தமிழ்ப் பெயர், தோட்டத்து விலாசம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லையாம்.

"வெளையாட்டுக்குன்னு சொல்றானாம் தம்பி. நீங்களும் வெளையாட்டுன்னுதான் சொல்றீங்க. கழுதை வயசுல எந்த வெளையாட்டுய்யா அது, பாலத்துக்கு அடியில போயி?"

மல்லாந்து படுக்கச் சொன்னவன் நான்தான். அதைச் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க நல்லா சிங்களம் பேசுவீங்க. போய்ச் சொல்லுங்க தம்பி. ஒங்க முஸ்லிம் பேரக் கேட்டா வுடுவாங்க."

என் பெயரைக் கேட்டு எவன் விடப் போகிறான்?

13 நவம்பர்

சாலிஹ் நாநா கதவில் குறுக்கே நின்றார். "டேய் நுஹ்மான், ஒனக்கு மூளை ஈக்கா? அவனோட சேர்த்து ஒன்னையும் அள்ளிட்டுப் போனா உம்மாக்கு யாரு பதில் செல்ற?"

"நீங்க செல்லுங்க" என்றுவிட்டுப் பொலிஸுக்குப் போனேன்.

இன்ஸ்பெக்டர் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சிங்களத்தில் கேட்டார்: "பாலத்தைப் படம் எடுக்கிறவன் ஆத்தோட சேர்த்து எடுப்பான். இல்லாட்டி காதலிய நிறுத்தி எடுப்பான். அடியில படுத்து, இரும்பும் கல்லும் சேர்ற இடத்த ஒவ்வொண்ணா எடுக்கிறவன் யாரு தம்பி?"

கொம்பியூட்டர் விளையாட்டுக்கு என்றேன். வாள்சண்டை. ஆளின் பின்னால் கெமரா வரும், கீழே நின்றால் அடிப்பக்கம் தெரியும்.

"சரி. காட்டு."

"பாலம் இன்னும் செய்யல்ல, சேர். படம் கெடைச்சாத்தான் செய்யலாம்."

"ஆக, பாலம் இல்ல." சிரித்தார். "அவனச் செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு அனுப்புறோம். அங்க போனா என் கையில ஒண்ணும் இல்ல. திங்கட்கிழமை பாலத்தைக் கொண்டு வா. அடிப்பக்கம் தெரியணும்."

முத்துவைப் பார்க்க விடவில்லை. உள்ளே யாரோ இருமினார்கள். அவன் இருமல் எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவில்லை. இத்தனை வருசம் கூட இருந்து — ஒரு இருமல் தெரியாதா?

14 நவம்பர்

படங்கள் அவர்களிடம். உருவம் செய்கிறவன் அவர்களிடம். எனக்குக் கோட் எழுதத் தெரியும், பாலம் செய்யத் தெரியாது.

பாலத்தடிக்கு நான் போக முடியாது. போனால் நாநா சொன்னதுதான் நடக்கும். அதனால் பலாபத்வல பஸ்ஸில் ஏறிப் பாலத்தைக் கடந்து போய், இறங்கி, மறுபக்க பஸ்ஸில் திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டம் விட்டேன். கண்டக்டர் சிங்களத்தில், "தம்பி, என்ன தொலைச்சிட்டீங்க?" என்று கேட்டான். அதற்கு மேல் போகவில்லை.

மேல்பக்கம் பார்த்தாகிவிட்டது. அடிப்பக்கத்தை பஸ்ஸிலிருந்து எப்படிப் பார்ப்பது?

15 நவம்பர்

பெட்டி மேல் பெட்டி வைத்து ஒரு பாலம். அசிங்கம். பரவாயில்லை, பாலம் என்று தெரிகிறது. அடிப்பக்கம் முழுக்க வெறும் சாம்பல் நிறம்.

ஆளைக் கீழே இறக்கினேன். கெமரா பைத்தியம் பிடித்து ஆடுகிறது. தூணில் இடிக்கிறது, பிடரியில் ஒட்டுகிறது, திடீரென்று பாலத்தைத் துளைத்துக்கொண்டு மேலே ரோட்டில் போய் நிற்கிறது. ஆள் கீழே சண்டை போடுகிறான், நான் மேலே தாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கெமரா திரும்பியதும் இடது வலதாகிவிடுகிறது. எதிரியிடமிருந்து உருண்டு தப்பப் போனவன் எதிரியின் காலடியிலேயே போய் விழுகிறான்.

எல்லாவற்றையும்விடக் கேவலம் — அண்ணாந்து பார்க்க முடியவில்லை. மேலே பார்க்க வேண்டுமென்றால் கெமரா ஆளுக்குப் பின்னால் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் மணல் தடுக்கிறது. தடுத்தால் முன்னுக்கு இழுக்கிறது. கடைசியில் தெரிவது ஆளின் தலைமயிர்.

இதையா கொண்டுபோய்க் காட்டுவது? "அடிப்பக்கம் எங்கே?" என்பார். என் விளையாட்டில் அடிப்பக்கம் தெரியவே தெரியாது, சேர். அப்போ எதற்குப் படுத்து எடுத்தான்?

அவ்வளவுதான். முடிந்தது.

மேசையைக் காலால் உதைத்தேன். கால் வீங்கியிருக்கிறது.

16 நவம்பர்

தலையிலிருந்து கெமராவுக்கு விட்ட கோட்டுக்குப் பதிலாக ஒரு உருண்டையை உருட்டிப் பார்த்தேன். அது நுழைகிற இடத்தில் மட்டும் கெமரா நிற்கும். தூணில் இடிப்பது நின்றது. முன்னுக்கு வேகமாக வா, பின்னுக்கு மெதுவாகப் போ என்றேன். ஆட்டமும் நின்றது.

அண்ணாந்து பார்ப்பது மட்டும் வரவில்லை.

மத்தியானம் கிருஷ்ணம்மா வந்தார். முத்துவுக்குச் சோற்றுப் பார்சல் கொடுக்கப் போனாராம், பொலிஸில் வாங்கவில்லையாம். பார்சலை என் மேசையில் வைத்தார். "நீங்க தின்னுங்க. கெட்டுப்போயிரும்."

என்னால் முடியவில்லை. கிழங்குக் கறி, முட்டை. அவனுக்குப் பிடித்ததாக இருக்கும். அவர் அங்கேயே உட்கார்ந்து திரையைப் பார்த்தார். ஆள் தூணுக்குப் பின்னால் நின்றான், நான் மவுஸை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

"ஏன் தம்பி அவன் குனியிறான்?"

"குனியல்ல. பாக்கிறவன்தான் எறங்குறான். எறங்கினாத்தான் மேல பாக்கலாம்."

"ஏன் எறங்கணும்? நின்ன எடத்துல நின்னு தலையத் தூக்குனா ஆவாதா?"

"அப்பிடி இல்லம்மா, அது வேற கணக்கு" என்று எரிந்து விழுந்தேன். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் எரிச்சலாகவே இருந்தேன். பிறகு மணலில் முட்டினால் இறங்குவதை நிறுத்து, பார்வையை மட்டும் தூக்கு என்று எழுதிப் பார்த்தேன். கூடவே லென்ஸைக் கொஞ்சம் அகலமாக்கினேன்.

அடிப்பக்கம் தெரிந்தது. வெறும் சாம்பல். ஆனால் தெரிந்தது.

17 நவம்பர்

எழுதக் கை ஓடவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

கொம்பியூட்டரையும் திரையையும் த்ரீவீலரில் பொலிஸுக்குக் கொண்டுபோனேன். வாசலில் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு விட்டார்கள். இன்ஸ்பெக்டர், பண்டார என்கிற இளம் கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இவன் வெளையாடட்டும். நீ தொடாத. நீ தொட்டா நீ காட்ட விரும்புறதத்தான் காட்டுவ."

இதை நான் நினைக்கவே இல்லை. சண்டை பாலத்தின் மேலே தொடங்குகிறது. மேலே நிற்கிற இரண்டு பேரைத் தாண்டினால்தான் கீழே இறங்கலாம். எனக்கு அது ஒன்றுமில்லை. பண்டாரவுக்கு?

செத்தார். மறுபடியும் மேலிருந்து. முன்னால் நிற்பவனை வெட்டப் போவார், பின்னால் நிற்பவன் முதுகில் போடுவான். செத்தார். கெமராவைத் திருப்புங்க என்றேன், திருப்பினார், முன்னால் நின்றவன் போட்டான். செத்தார். சுற்றி நின்ற பொலிஸ்காரர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். "பண்டார, உன் பென்ஷன் யாருக்குடா?" பண்டாரவின் காது சிவந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"இது வெளையாட்டா, தண்டனையா?" என்றார். எழுந்துவிட்டார்.

யா அல்லாஹ்.

"சேர், ஒரு வரி. ஒரே ஒரு வரி மாத்திட்டுத் தாறேன். பக்கத்துல நின்னு பாருங்க."

என்ன நினைத்தாரோ, தலையாட்டினார். பண்டாரவின் நாற்காலியில் பாதியில் உட்கார்ந்து எழுதினேன்: திரையில் இல்லாவிட்டால் அடிக்காதே, நில். முத்து சொன்னதுதான். அவசரத்தில் ஒரு குறியை விட்டுவிட்டேன், ஓடவில்லை. மறுபடியும் பார்த்தேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. கண்டுபிடித்தேன். ஓடியது.

பண்டார முதல் ஆளை வெட்டினார். திரும்பினார். பின்னால் நின்றவன் காத்துக்கொண்டு நின்றான். அவனையும் வெட்டினார். யாரோ கை தட்டினார்கள். படியில் இறங்கினார், தூணுக்குப் பின்னால் போனார்.

"மேல பாருங்க" என்றேன்.

பார்த்தார். கெமரா மணலில் நின்றது. பார்வை எழுந்தது. திரை முழுக்கப் பாலத்தின் அடிப்பக்கம்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "இதுல ஒண்ணும் இல்லையே. வெறும் சாம்பல். படம் எங்க?"

"படம் ஒங்ககிட்ட இருக்கு, சேர்."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பண்டார மட்டும் இன்னும் விளையாடிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் மேசை லாச்சியைத் திறந்து முத்துவின் கெமராவை எடுத்தார். ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"மெஷின் இங்க இருக்கட்டும். நீ போ."

முத்துவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

18 நவம்பர்

செவ்வாய். காலையிலிருந்து பொலிஸ் வாசலுக்கு எதிரே நின்றேன். கிருஷ்ணம்மாவும் நின்றார். பத்து மணிக்கு மேல் ஒரு வேன் வெளியே வந்து கண்டிப் பக்கம் திரும்பியது. கண்ணாடி கறுப்பு. உள்ளே யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை.

அவர் வேனுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினார். செருப்பை நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஒன்றும் எழுத இல்லை.

20 நவம்பர்

விட்டுவிட்டார்கள். அந்த வேனில் அவன் இல்லை. கெமராவைத் தரவில்லை.

7 டிசம்பர்

தோட்டத்துக்குப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது முத்து பொலிஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். ஒவ்வொரு ஞாயிறும் போட வேண்டுமாம். அவர்களுடைய ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் கதவைப் பார்க்க உட்கார்ந்திருந்தான். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

கிருஷ்ணம்மா பிளேன்டி ஊற்றி வைத்துவிட்டு வெளியே போனார். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. உருண்டை, மணல், லென்ஸ் என்று என்னென்னவோ பேசினேன். பொலிஸ்காரன் மேலேயே செத்துக்கொண்டிருந்ததையும், பிறகு முத்து சொன்ன வரியைப் போட்டதையும் சொன்னேன். தலையாட்டினான்.

"வெளையாட்டுலருந்து பாலத்த எடுத்துருடா" என்றான்.

கம்பெனி, டிசம்பர், இரண்டாம் கட்டம் எல்லாம் வாய்வரைக்கும் வந்தது. "சரி" என்றேன்.

"நா இனி வர மாட்டேன், மச்சான். அம்மா கட்டார்ல வேலைக்கு ஒரு ஆளப் புடிச்சிருக்கு."

"சரி."

பிளேன்டி ஆறிப்போனது. எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் பின்னாலிருந்து கேட்டான்.

"அந்தப் பொலிஸ்காரன் எத்தன தடவடா செத்தான்?"

"நெறைய."

"எண்ணலையா?"

"எண்ணல்ல."

சிரித்தான். தோள் வலித்திருக்க வேண்டும், இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே சிரித்தான்.

"எண்ணியிருக்கணும்டா" என்றான்.